குன்றக் கூறலும் ஏஐ முகவரும்: ஒரு மென்பொருள் கையேட்டைத் திருத்திப் பார்த்தால்

ஆசிரியர்களே, தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களே, முதலில் ஒரு சின்னக் கணக்கு. 'சிம்பாங் ரெங்கம்' என்று எழுதுங்கள். நம் ஊர்ப் பெயர்தான். இதில் எத்தனை எழுத்து?

முதலாம் ஆண்டுப் பிள்ளையும் விரல்விட்டு எட்டு என்று சொல்லிவிடும். யாப்பு படித்தவர் ஒற்றை நீக்கி நான்கு என்பார். கட்டளைக் கலித்துறையில் அடிக்கு 16 அல்லது 17 எழுத்து என்று எண்ணுவது அந்தக் கணக்கில்தான். இந்த வேலையைக் கணினியிடம் கொடுத்துப் பாருங்க. பைத்தான் நிரல்மொழியின் சாதாரண நீள அளவை 16 என்று சொல்லும். 'சி' என்பதை அது சகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று என்று இரண்டாக எண்ணுகிறது. புள்ளியும் தனிக் கணக்கு, இடைவெளியும் தனிக் கணக்கு. தமிழுக்கென்றே எழுதப்பட்ட ஓபன்-தமிழ் நிரலகத்தைக் கேட்டால் ஒன்பது வரும். எட்டு எழுத்தோடு நடுவில் உள்ள இடைவெளியையும் அது ஓர் உறுப்பாகச் சேர்த்துக்கொள்கிறது.

ஆக 16, 9, 8, 4 என்று நான்கு விடைகள். நான்கும் ஏதோ ஒரு கணக்கில் சரி. எந்தக் கணக்கு என்று எங்கே எழுதியிருக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

இது இப்போது ஏன் முக்கியம்? முன்பு ஏஐயிடம் கேட்டால் பதில் மட்டும் சொல்லும். இன்றைய ஏஐ முகவர் தானே நிரல் எழுதி, தானே ஓட்டி, விடையைக் கொண்டுவந்து வைக்கிறது. "இந்தச் செய்யுளில் அடிக்கு எத்தனை எழுத்து?" என்று ஒரு மாணவர் கேட்டால், பின்னணியில் அது ஓபன்-தமிழ் போன்ற ஒரு கருவியைத் தேடி எடுக்கலாம். அந்தக் கருவியின் கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதை நம்பித்தான் வேலை செய்யும்.

ஓபன்-தமிழ், முத்து அண்ணாமலை முன்னின்று தொடங்கிய கட்டற்ற மென்பொருள். 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கியவரும் அவர்தான். தன்னார்வலர்கள் ஓய்வு நேரத்தில் கட்டியது. அந்த உழைப்புக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனாலும் கையேட்டை ஒரு விடைத்தாள் போல வைத்துத் திருத்தினால், சிவப்பு மைக்கு வேலை இருக்கத்தான் செய்கிறது.

திருத்த அளவுகோல் வெளியே தேட வேண்டாம். நூலுக்கு வரக்கூடாத பத்துக் குற்றங்களைத் தொல்காப்பிய மரபியலும் சொல்கிறது, பவணந்தியாரின் நன்னூல் பாயிரமும் சொல்கிறது. தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோம், பிறகு விட்டுவிடுகிறோம். மென்பொருள் கையேடும் ஒரு நூல்தானே?

ஓபன்-தமிழில் எழுத்துகளைப் பிரித்துத் தரும் செயற்கூற்றின் பெயர் 'கெட் லெட்டர்ஸ்'. அதன் உள்விளக்கம், நான் பார்த்த வரையில், ஒரே வாக்கியம்: கொடுத்த சொல்லைத் தமிழ், ஆங்கில எழுத்துகளின் பட்டியலாகப் பிரிக்கும் என்ற அளவில் முடிந்துவிடுகிறது. இடைவெளி என்னாகும்? நிறுத்தற்குறி? யாப்புக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? ஒன்றும் இல்லை. குன்றக் கூறல் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

மனிதர் படிக்கும்போது இந்தக் குறை அவ்வளவாக வலிக்காது. ஒன்பது வந்தால் "என்னடா இது" என்று நிமிர்ந்து பார்ப்பார், பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார். முகவர் பெரும்பாலும் அப்படி நிற்பதில்லை. விடுபட்ட இடத்தைத் தன் ஊகத்தால் நிரப்பிக்கொண்டு, தயங்காத நடையில் ஒரு விடை சொல்லிட்டுப் போயிடும். அதனால் பத்துக் குற்றங்களிலும் முகவருக்கு மிகக் கேடானது குன்றக் கூறல்தான் என்பது என் கணிப்பு.

அடுத்தது மயங்க வைத்தல். நிறுவும்போது கருவியின் பெயர் 'ஓபன்-தமிழ்'. நிரலுக்குள் அழைக்கும்போது வெறும் 'தமிழ்'. பைத்தான் உலகில் இது வழக்கம்தான், ஆனால் முதல் வரியிலேயே சொல்லாவிட்டால் முகவர் இல்லாத பெயரைச் சொல்லி அழைத்துப் பிழைச்செய்தி வாங்கும்.

அதற்காக எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக எழுதிக் குவித்தால் மிகைபடக் கூறல் ஆகிவிடும். முகவர் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக்கொள்ளும் உரைக்கு அளவு உண்டு. இணையதளங்கள் மொழி மாதிரிகளுக்கென்று சுருக்கமான தனி உரைக்கோப்பு வைக்கலாம் என்று ஜெரமி ஹோவர்ட் 2024 செப்டம்பரில் முன்மொழிந்தது இதனால்தான். அதே ஆண்டு நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட 'மாடல் காண்டெக்ஸ்ட் புரோட்டோகால்' நெறிமுறையில், ஒவ்வொரு கருவியும் பெயர், விளக்கம், என்ன உள்ளீடு கொடுக்க வேண்டும் என்ற வரையறை ஆகியவற்றோடு முகவர் முன் வந்து நிற்கிறது. எந்தக் கருவியை எடுப்பது என்று முகவர் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த விளக்கத்தைப் பார்த்துத்தான்.

ஓபன்-தமிழில் எனக்குப் பிடித்த பகுதி கையேடு அல்ல, சோதனைக் கோப்புகள். இன்ன சொல் கொடுத்தால் இன்ன விடை வர வேண்டும் என்று அங்கே நேராக எழுதியிருக்கிறார்கள். உரையாசிரியர்கள் சூத்திரத்துக்குக் கீழே எடுத்துக்காட்டு வைப்பது போல. ஆனால் அவை கையேட்டுக்கு வரவில்லை, பின்கட்டிலேயே இருந்துவிட்டன.

குறை மட்டும் சொல்லி நிறுத்தினால் நியாயமில்லை. அந்த ஒரு வரியை நான் இப்படித் திருத்துவேன்:

"ஒரு தொடரை எழுத்துகளின் பட்டியலாகப் பிரித்துத் தரும். உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் தலா ஓர் உறுப்பு. இடைவெளி, எண், நிறுத்தற்குறி, ஆங்கில எழுத்து ஆகியவையும் தலா ஓர் உறுப்பாக வரும். தமிழ் எழுத்தை மட்டும் எண்ண அவற்றை நீக்குக. யாப்புக்கு எண்ணும்போது ஒற்றையும் நீக்குக. இது அசை, சீர் பிரிக்காது. எடுத்துக்காட்டு: 'சிம்பாங் ரெங்கம்' ஒன்பது உறுப்பு, இடைவெளி நீங்க எட்டு, ஒற்றும் நீங்க நான்கு."

ஏழு சின்ன வாக்கியம். இதில் 'இது அசை, சீர் பிரிக்காது' என்ற வரிதான் என்னைப் பொறுத்தவரை பொன். கருவி எதைச் செய்யாது என்பதை யாரும் எழுதுவதில்லை. நாம் கேள்வித்தாளில் "அனைத்துக் கேள்விகளுக்கும் விடையளிக்க வேண்டாம், ஏதேனும் மூன்று" என்று போடாமல் விட்டால் மண்டபத்தில் என்ன நடக்கும் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும்.

என் திருத்தத்திலும் ஓர் ஓட்டை உண்டு. 'லக்ஷ்மி'யில் வரும் க்ஷ ஓர் எழுத்தா, இரண்டா? கணினிக்குள் அது ககரம், புள்ளி, ஷகரம் என்று மூன்று குறியீடு. 'ஸ்ரீ' இன்னும் சிக்கல். யூனிகோடில் அதைத் தொடங்க ஸ, ஶ என்று இரண்டு வழி இருப்பதால், திரையில் ஒன்றுபோல் தெரியும் இரண்டு சொற்கள் கணினிக்கு வேறு வேறு. இதை நிரலர் மட்டும் முடிவு செய்ய முடியாது. கிரந்த எழுத்துகளை வகுப்பில் எப்படி எண்ணுகிறோம் என்று நாம் சொன்னால்தான் அவர்கள் எழுத முடியும். உங்கள் பள்ளியில் எப்படி எண்ணுகிறீர்கள்?