ரம்லியின் பாட்டு, ஷீலாவின் குரல்

பினாங்கு மண்ணின் மைந்தர், பாடகரும் இசையமைப்பாளரும் நடிகருமான பி. ரம்லியின் பாடல்களை எடுத்துப் பாடாத மலாய்ப் பாடகர் அரிது. அப்படி வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, 1990-இல் பாடகி ஷீலா மஜித் வெளியிட்ட 'லெகெண்டா' இசைத்தொகுப்பு.

ஊரே மனப்பாடமாக வைத்திருக்கும் பாட்டைத் திரும்பப் பாடுவது பெரிய சோதனை. அசலை ஒட்டிப் போனால் நகல் என்பார்கள். விலகிப் போனால் கெடுத்துவிட்டாள் என்பார்கள். ஷீலா மெட்டின் எலும்பை அப்படியே விட்டுவைத்து, அதன் மேல் ஜாஸ் சாயலைப் போர்த்தினார். ரம்லியின் குரல் பக்கத்தில் உட்கார்ந்து தணிவாகப் பேசுவதுபோல் இருக்கும். ஷீலா அந்தத் தணிவைப் பிரதி எடுக்கவே இல்லை. சொல்லைச் சற்றுத் தாமதித்து, மூச்சோடு விடுகிறார். ஆண் ஏங்கிய வரிகளைப் பெண் பாடும்போது ஏக்கத்தின் நிறமே மாறிவிடுகிறது.

ரம்லியின் பாட்டில் தமிழர்களான நமக்கும் பங்குண்டு. ரம்லி முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த 'பக்தி' (1950) படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன், தமிழகத்தில் பிறந்து சிறுவயதிலேயே பினாங்குக்கு வந்தவர். நடிகருக்கு இன்னொருவர் பின்னணி பாடிய காலத்தில், ரம்லியைத் தன் குரலிலேயே பாடவைத்தார். அந்தத் துணிச்சலை எத்தனை பாராட்டினாலும் தகும்.

ஷீலாவின் தொகுப்பில் உள்ள 'லகெண்டா' என்ற பாடல் ரம்லி இசையமைத்ததன்று. 1973-இல், 44 வயதில் மறைந்த அவரை நினைந்து அட்னான் அபு ஹசான் மெட்டமைத்தது. ரம்லியின் பாடல்களுக்கு நடுவே அது அந்நியமாகத் தோன்றவே இல்லை.