கலித்தொகையில் ஓர் உரையாடல்

தொல்காப்பியர் செய்யுளியலில் எண்ணிய 34 உறுப்புக்களுள் கூற்று, கேட்போர், முன்னம் என்பனவும் அடங்கும். சொல்லுவாரேயன்றிக் கேட்பாரும் செய்யுளின் உறுப்பே என்பது அப்பேராசானின் துணிபு. எனினும், அகப்பாட்டை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் 'இது தலைவி கூற்று', 'இது தோழி கூற்று' என வரையறுத்த அளவில் அமைகின்றனர். இருவர் ஒருவரையொருவர் விட்டு நீங்காது பேச்சில் நிலைபெறுவது எவ்வாறு என்னும் வினா மிகுதியும் எழுப்பப் பெறுவதில்லை. இவ்வினாவிற்கு விடைகாண உதவும் தொகை கலித்தொகையே. ஏனைய அகத்தொகைகளில் ஒருவர் உரைக்க மற்றவர் வாளா கேட்பது பெருவழக்கு. கலியிலோ இருவர் மாறி மாறி உரைக்கும் பாட்டுக்கள் பல உள. அவற்றுள் ஒன்றனை ஈண்டு ஆராய்வாம்.

மருதக்கலியில் 94ஆம் எண்ணிட்டு வழங்கும் பாட்டு, அரண்மனையைச் சார்ந்து வாழும் கூனி ஒருத்தியும் குறளன் ஒருவனும் உரையாடுவது. இன்னார் கூறினார் என்னும் குறிப்பு பாட்டினுள் யாண்டும் இல்லை. விளியையும் விடையையும் கொண்டே பேச்சின் எல்லையை நாம் பிரித்தறிகின்றோம். எவ்விடத்து எவர் எவர்க்கு உரைத்தது என்பதனை மொழியே குறிப்பால் உணர்த்துதலை முன்னம் என்பர். அவ்வுறுப்பின் ஆற்றலை இப்பாட்டிற் காணலாம்.

குறளன் அவளை நிற்கச் சொல்லி, 'உசாவுவேன்' என்கின்றான். அவள் அவனை இகழ்கின்றாள். ஆயினும் அகன்று போகவில்லை. அவன் தன்னைத் தடுத்து நிறுத்திய செயலையே பற்றிக்கொண்டு, உன்போல்வார் என்னைத் தீண்டப் பெறுவரோ என வினவுகின்றாள். அவனோ, அவள் உடலின் வளைவே தனக்கு நோய் செய்தது என்கின்றான். நிமிர்த்தி வைத்த சூதாடு பலகை போன்றவனே என்பது அவள் மாற்றம். முன்னும் பின்னும் தழுவ இயலாமையைக் கூறி, பக்கத்தே தழுவ அருள்க என்று அவன் வேண்ட, அவள் 'போ' என்கின்றாள். அவ்வாறு கூறியவளே அவ்வேண்டுகோளை மீண்டும் எடுத்துரைத்து, கூனின் பிறப்பு உன்னினும் இழிந்ததோ என்று கேட்கின்றாள். ஒவ்வொரு விடையும் முன்னைய சொல்லினின்று ஒன்றனைக் கைக்கொண்டே எழுகின்றது.

ஹார்வி சாக்ஸ், இமானுவேல் ஷெக்லாஃப், கெயில் ஜெஃபர்சன் ஆகிய மூவரும் உரையாடலில் பேசுமுறை மாறுமாற்றை ஆராய்ந்து 1974இல் கட்டுரை ஒன்று வெளியிட்டனர். பின்னர்ப் பேசுவார் தம் சொல்லாலேயே, முன்னைய பேச்சைத் தாம் கொண்ட வகையைக் காட்டுவர் என்பது அவர் தம் முடிபுகளுள் ஒன்று. உரையாடலை நிறுத்துவது உடன்பாடு அன்று; ஏற்ற சொல்லுக்கு எதிர்மொழி தருதலேயாம் என்பதற்கு இப்பாட்டினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

இவ்வுரையாடல் முறியும் நிலையை எய்துவது எவ்விடத்து? வசை மிக்க இடத்து என்பாரும் உளராவர். அற்றன்று. வசையும் முன்னிலையை நோக்கி எழுவதே. முறிவு நேரவிருப்பது, இருவரும் ஒருவரையொருவர் படர்க்கையில் வைத்து, இவள் குழையும் குழைவு காண், இவன் நடக்கும் நடை காண் எனப் பேசும் இடத்தேயாம். அங்கே எதிர்நின்றார் கேட்போர் ஆகாமல், காணப்படும் பொருளாகி விடுகின்றனர். 'யாம் வேண்டேம்' என அவள் தன்னை வேறுபடுத்தி உரைப்பதும் அப்பகுதியிலேயே.

குறளன் அதனை உணர்ந்தான் போலும். நமக்குள் நகுதல் ஒழிக, 'நம்முள் நாம் உசாவுவம்' என்று அரசன் அடிமேல் ஆணையிடுகின்றான். தொடக்கத்து 'உசாவுவேன்' இறுதியில் 'உசாவுவம்' ஆயிற்று. 'யாம்' நீங்கி, கேட்பாரையும் உளப்படுத்தும் 'நாம்' வந்தது. இகழ்ந்து விளித்த கூனியும் அவன் மார்பின் மென்மையைப் பாராட்டி விளிக்கின்றாள். ஒருமைக்கும் உளப்பாட்டுப் பன்மைக்கும் இடைப்பட்ட அத்தொலைவே இப்பாட்டின் பொருள் என்பது எம் கருத்து.

இதனை நகைச்சுவைப் பாட்டு என்று மட்டும் கூறிக் கடப்பது பொருந்துமா? நகை உண்டு, அதனை மறுப்பார் இலர். ஆயின், அரண்மனையுள் கண்டார் நகாதிருத்தல் வேண்டும் என்று அஞ்சியே கூனி அவனைச் சோலைக்கு அழைக்கின்றாள். தம்முள் நகுதல் வேறு, பிறர் நகுதல் வேறு என்பதனை அவள் நன்கு அறிவாள். அடியோர் காதல் ஐந்திணைக்குப் புறத்தது என்று இலக்கணம் வகுத்தது. அவ்வகுப்பைக் காட்டி இவர்தம் சொல்லைச் செவிமடுக்காது நகைத்து அமைவோமாயின், நாம் கேட்போர் ஆகோம்; அக்கோயிலுள் நின்று நகுவோர் வரிசையிற் சேர்ந்தோராவோம்.