பிரெஞ்சுக் கிழமைச் சொற்களும் நம் ஆறாம் வேற்றுமையும்

தமிழ் கற்றோர் பிரெஞ்சு மொழி பயிலப் புகுங்கால் பெரிதும் இடர்ப்படுவது கிழமைப் பொருள் உணர்த்தும் பெயரடைகளிலேயாம். 'அவன் தந்தை', 'அவள் தந்தை' என உடையாரின் பாலை நாம் விளங்கக் கூறுவோம். பிரெஞ்சு மொழியோ இரண்டனையும் 'சோன் பேர்' என்றே கூறும். தாயாயின் 'சா மேர்' என்னும். உடைமை பலவாயின் 'சே' என்னும். ஆண்டுப் பெயரடை உடைமையின் பாலைத் தழுவுமேயன்றி உடையாரின் பாலைத் தழுவாது.

இம்முறை தமிழுக்கு முற்றும் புதிதோ எனின், அன்று. நன்னூலார் ஆறாம் வேற்றுமைக்கு ஒருமைக்கண் அது, ஆது என்பனவற்றையும், பன்மைக்கண் அகரத்தையும் உருபுகளாக வகுத்தார். ஈண்டு ஒருமை பன்மை என்றது உடைமையின் எண்ணையே. 'எனது கை', 'என கைகள்' என்புழி உடையான் ஒருவனே. கை பலவாகியவழி உருபு மாறிற்று. பிரெஞ்சில் 'மா மேன்' என்பது 'மே மேன்' என மாறுவதும் இந்நெறியே. ஆங்கிலமும் உடையாரின் பாலையே காட்டுவதாகலின், அதன் வழிக் கற்பித்தல் மாணவர் பிழையை வளர்க்குமேயன்றிக் களையாது.

எனினும் ஒப்புமைக்கு எல்லையுண்டு. நன்னூல் உருபு எண்ணளவில் நிற்கும். உயிரற்ற பொருட்கு ஆண்பால் பெண்பால் வகுத்தல் நம் மரபன்று. பிரெஞ்சிலோ காளை ஆண்பாற்சொல், அதன் கொம்பு பெண்பாற்சொல். ஆதலின் 'சோன் தோரோ', 'சா கோர்ன்' என வரும்.

இவ்வேறுபாடு இலக்கணத்தளவில் அமையாது மொழிபெயர்ப்பையும் தொடும். வத்தலக்குண்டில் வளர்ந்த சி. சு. செல்லப்பாவின் (1912-1998) 'வாடிவாசல்' பிரான்சுவா குரோ அவர்களால் பிரெஞ்சில் பெயர்க்கப்பெற்றுள்ளது. அக்கதையின் உயிர்நிலை கிழமையே. காரி ஜமீன்தாரின் காளை. பிச்சியின் தந்தை அம்புலி அதன் கொம்பிற்கு இரையானவன். பிச்சி அக்காளையை அடக்கியபின் ஜமீன்தார் அதனைச் சுட்டு வீழ்த்துகின்றார். இம்முடிவைத் 'தன் காளையைச் சுட்டார்' என நாம் கூறின் ஐயமில்லை. 'அவன் காளையை' எனின் அது பிறன் காளையாம். பிரெஞ்சில் இரண்டும் 'சோன் தோரோ'வே. 'சொந்த' எனப் பொருள்படும் 'ப்ரோப்ர்' என்னும் சொல்லைக் கூட்டித் தெளிவிக்கலாமாயினும், அவ்வழுத்தம் 'தன்' என்பதன் இயல்பான ஓட்டத்தைக் கெடுக்கும். 'எங்கள் ஊர்', 'நம் ஊர்' என்னும் வேற்றுமையும் 'நோத்ர்' என்னும் ஒரு சொல்லுள் அடங்கிவிடும். அயலூரான் வந்து மாடணையும் கதையில் இவ்விழப்பு சிறிதன்று. இது பெயர்த்தார் குறையன்று, மொழியின் இயல்பு.

ஆகலின், பிரெஞ்சு பயிலும் தமிழாய்வாளர் நன்னூலை வாயிலாகக் கொள்க. பின்னர் 'வாடிவாச'லின் மூலத்தையும் பெயர்ப்பையும் அருகருகே வைத்து, 'தன்' என்பது வருமிடந்தோறும் பிரெஞ்சு யாது செய்தது என நோக்குக. பிறமொழியின் இலக்கணத்தோடு தம்மொழியின் நுட்பமும் அவர்க்கு அங்ஙனம் புலனாகும்.