நெடுநல்வாடையில் ‘குயின்ற’

நெடுநல்வாடையில் அரசியின் கட்டிலைப் புனைந்துரைக்கும் பகுதியில் வரும் ‘குயின்ற’ (119) என்னும் சொல்லுக்குச் ‘செதுக்கிய’ எனப் பொருளுரைத்து அமைவது இக்கால உரைகளிற் பெருவழக்கு. கூரிய உளி உடன் கூறப்படுதலின் இப்பொருள் தடையின்றி ஏற்பதுபோலத் தோன்றும். ஆயின், 188 அடிகளே கொண்ட இப்பாட்டில் இவ்வினை மும்முறை பயின்றுள்ளது. ஏனை இரண்டிடங்களையும் உடன்வைத்து நோக்காது ஓரிடத்திற்கு மட்டும் பொருள் துணிதல் முறையன்று.

88ஆம் அடியில், வேழம் கொடியொடு நுழையும் வாயிலுக்கு இவ்வினையை ஏற்ற குன்று உவமையாகின்றது. குன்றின் புறத்தைச் செதுக்கினால் வாயில் தோன்றாது. அகத்தைப் போக்கினாலன்றோ தோன்றும்?

84ஆம் அடியே பெரிதும் நோக்கற்பாலது. ஆங்குப் பொருள் மரம். தாழொடு கூடிய கதவுப் பொருத்தைக் கூறும் அவ்விடத்தில் ‘சேர்ந்த’ எனவோ ‘செய்த’ எனவோ பொதுவாக உரைத்துப் போவர். தாழ் செல்லுதற்கு மரத்திற் குழி வேண்டும். ஒரு மரத்தின் முனை மற்றொன்றினுள் இறுகப் புகுதற்குத் துளை வேண்டும். கம்மியன் முடுக்கியமையால் இடைவெளி நீங்கிற்று என அடுத்த அடி கூறுவதும் இதனை வலியுறுத்தும். துளையெடுத்தபின் முடுக்குதல் தச்சுவினையின் இயல்பான வரிசை. இன்னும் ஒன்று: இதற்கு முந்தைய அடியில் குவளையும் பிடியும் மரத்தில் உருப்பெறுகின்றன. செதுக்குவேலை என ஐயமின்றிக் கொள்ளத்தக்க அவ்விடத்து நக்கீரர் ‘குயின்ற’ என்னாது ‘அமைத்து’ என்றார். அடுத்தடுத்த அடிகளில் இரு வினைகளையும் இங்ஙனம் பிரித்தாளும் புலவர், கட்டிலிடத்து மட்டும் பொருள் நெகிழ ஆண்டார் எனல் ஏற்புடைத்தன்று.

தந்தத்தில் வருவது இலை. அது துளையன்றே எனின், இலை எழுந்து நிற்றற்கு அதனைச் சூழ்ந்த இடமே ஆழ அகழப்படும் என்க. உளி செல்வது இலையின்மேல் அன்று, இலைகளினிடையே. ஆகலின் ‘கூருளியாற் குடைந்தெடுத்த’ என உரைத்தலே தகும். இது வெறுஞ் சொற்பூசல் அன்று. பாட்டு வாயிலினின்று உள்ளே உள்ளே சென்று தனித்திருக்கும் அரசியின் கட்டிலை அடைகின்றது. வாயிலிற் கேட்ட வினையே கட்டிலிலும் கேட்கின்றது. ‘செதுக்கிய’ என்னும் உரை அவ்வொலித்தொடர்பை மாணவர் செவிக்கு எட்டாது செய்துவிடுகின்றது.

மணி பதித்தலைக் ‘குயிற்றுதல்’ என வழங்கியதும் இக்கருத்தொடு ஒக்கும். மணி இருத்தற்குப் பொன்னிற் குழி முன்னர் வேண்டும். இசைக்கருவியாளரைக் குறிக்கும் ‘குயிலுவர்’ என்னும் பெயரை இதனுள் அடக்க விழைவார்க்கு அது வேறாக ஆராய்தற்குரியது.