பூவைப் பறித்தோம், பழத்தை விட்டோம்

நாகலிங்க மரத்தடியில் நின்றவர்களுக்கு இரண்டு வாடைகள் தெரியும். அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாய்ப் பூத்திருக்கும் பூவின் மணம் ஒன்று. கீழே விழுந்து உடைந்த பழத்தின் நாற்றம் மற்றொன்று. மணத்தைத் தேடிப் போகிறோம். நாற்றத்தைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகுகிறோம். தமிழ்நாட்டுச் சிவன் கோயில்களில் நடப்பது இதுதான். இலங்கையின் பௌத்த விகாரைகளிலும் இதேதான். ஆனால் விதை இருப்பது அந்த நாற்றத்துக்குள். அதை எடுத்து முளைக்க வைப்பதில் இரு நாடும் ஒன்றிடம் மற்றொன்று கற்க வேண்டியது உண்டு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இரு நாட்டுக்கும் இது வந்தேறி மரம். பிறந்த மண் தென் அமெரிக்கா. பிரெஞ்சு கயானாவின் தாவரங்களைப் பற்றித் தாவரவியலாளர் அப்லே 1775இல் வெளியிட்ட நூலில்தான் இதன் பேரினத்துக்குத் தாவரவியல் பெயர் கிடைத்தது. தேவாரம் பாடப்பட்ட காலத்தில் இது எந்தத் தலத்திலும் நின்றிருக்க முடியாது. ஆனாலும் பூவைப் பார்த்ததும் நம்மவர்கள் சொந்தம் கொண்டாடிவிட்டார்கள். ஒரு பக்கமாக வளைந்து கவிழும் மகரந்தத் தாள்கள் நாகத்தின் படம். நடுவில் இருப்பது லிங்கம். சுற்றியுள்ள சிறு தாள்கள் முனிவர் கூட்டம். இந்தியில் இது கைலாசபதி, தெலுங்கில் நாகமல்லி. புதுச்சேரி 2007இல் இதைத் தன் மாநிலப் பூவாகவே ஏற்றது. விகாரைக்குப் போகிறவர் கண்ணுக்கோ அதே நடுப்பகுதி தாதுகோபமாகத் தெரிகிறது.

இலங்கையில் சிங்களவர் இதைச் ‘சல்’ என்கிறார்கள். புத்தர் லும்பினியில் சால மரத்தடியில் பிறந்தார், குசிநகரில் இரண்டு சால மரங்களுக்கு நடுவே பரிநிர்வாணம் அடைந்தார் என்பது மரபு. அந்தச் சாலம் வேறு. நடு இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் காடாக நிற்கும் மரம் அது. அதன் விதை மழை தொடங்கும் நாட்களில் சிறகோடு சுழன்று விழும். ஒரு வாரம் கடந்தால் பெரும்பாலும் முளைக்காது. காயவைத்து மூட்டை கட்டிக் கடல் கடத்தும் விதை அல்ல அது. அதன் இடத்தில் இன்னொரு மரம் வந்து நின்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது. பேராதனைப் பூங்காவில் 1901இல், பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரானவர் நட்டதும் நாகலிங்கக் கன்றுதான்.

இனி வளர்ப்புக்கு வருவோம். பழம் மனிதத் தலையளவு வரும். ஓடு மரக்கட்டைபோல் இருக்கும். பழுத்து விழுந்ததைத்தான் எடுக்க வேண்டும். உடைத்தால் வெளிறிய சதை காற்றுப் பட்டு நீலம் பாய்ந்த பச்சையாக மாறும். அதற்குள் மெல்லிய மயிர் போர்த்த விதைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். மணலோடு பிசைந்து நீரில் அலசிச் சதையைப் போக்கி, நிழலில் ஈரம் வற்றவிட்டு, தாமதிக்காமல் விரலின் நகக்கண் ஆழத்தில் ஊன்றலாம். வேலை இவ்வளவுதான். வேறுபாடு அதற்குப் பிறகு வருகிறது.

கண்டிப் பக்கத்தில் இரு பருவமழையும் கிடைக்கும். அங்கே நாற்றுக்கு எதிரி ஈரம். தண்டின் அடி அழுகிச் சாயாமலிருக்க மணல் கூடுதலாகச் சேர்த்து, பையின் அடியில் துளையிட்டு, நெருக்கமாக அடுக்காமல் வைக்க வேண்டும். தமிழ்நாட்டின் கிழக்குச் சமவெளியில் எதிரி சித்திரை வெயில். மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். அடுத்த கோடைக்குள் கன்று வேர்பிடித்தாக வேண்டும். யாழ்ப்பாணத்து நிலையும் இதேதான். இந்த விஷயத்தில் யாழ்ப்பாணத் தோட்டக்காரர் கண்டியைவிட நாகப்பட்டினத்துக்கு நெருங்கியவர். நாகப்பட்டினத்தார் கீற்றுப் பந்தல் போட்டு உரமிடுகிறார், யாழ்ப்பாணத்தார் கிடுகால் நிழல் கட்டிப் பசளை போடுகிறார். சொல்தான் வேறு.

ஆழமான வேறுபாடு ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் தலமரம் என்பது இடத்தைவிட்டு நகராதது. தலம் பெரியது, அதனால் மரம் புனிதம். எனவே மரத்தைக் காக்கிறோம், சுற்றி மேடை கட்டுகிறோம். அதன் கன்றை அடுத்த ஊருக்கு அனுப்புவது வழிபாட்டின் பகுதியாகவில்லை. இலங்கையில் கன்று பயணம் போகும். அநுராதபுரத்து மகாபோதி அரசமரத்தில் பழுத்து விழுந்த ஒரு கனியை எடுத்து நட்டதில் எட்டுக் கன்றுகள் முளைத்தன என்கிறது மகாவம்சம். அவற்றில் ஒன்று போய்ச் சேர்ந்த இடம் சம்புகோளம் என்ற வடகரைத் துறைமுகம். இன்றைய யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சம்பில்துறை. கன்று போய் நின்றதால் அந்த இடம் புனிதமானது.

இரண்டு மரபும் எனக்கு வேண்டும். நின்ற மரத்தை வெட்டவிடாத பிடிவாதம் தமிழ்நாட்டுக் கோயில்களிடம் இருக்கிறது. விழுந்த கனியைக் குனிந்து எடுத்த கதை இலங்கையிடம் இருக்கிறது. ஆனால் நாகலிங்கத்தின் மட்டில் இரு கரையாரும் கனியைக் குப்பையில்தான் கொட்டுகிறோம். இன்னொன்றும் இருக்கிறது: பறித்த பூ காயாவதில்லை. எல்லாப் பூவையும் சாத்திவிட்டால் அடுத்த தலைமுறைக்கு மரம் எங்கிருந்து வரும்? மரத்துக்கு நான்கு கொத்தாவது விட்டுவைப்பது பூசைக்குக் குறைவாகாது.

கன்றை எங்கே நடுவது என்பதிலும் கவனம் வேண்டும். ஆட்கள் நடக்கும் பாதை, வண்டி நிறுத்துமிடம், பள்ளி வாசல் ஆகியவை கூடாது. அந்தப் பழம் தலையில் விழுந்தால் உயிருக்கே ஆபத்து. ஊர்ப் பொது நிலத்தின் ஓரம், வேலியிட்ட நந்தவனம், விகாரையின் பின்வளவு ஆகியவை பொருந்தும். பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். நட்டவர் பார்க்காமலும் போகலாம். அதைத் தெரிந்தே நட வேண்டிய மரம் இது.

அடுத்த முறை பூவைச் சாத்திவிட்டுத் திரும்பும்போது, கையில் ஒரு வாளியோடு மரத்தடிக்குப் போங்கள். நாற்றம் கைகழுவினால் போய்விடும்.