கள்ளப்படியில் ஓர் அங்கதம்

அங்கதத்தைக் கணினி விளையாட்டில் தேடுவதா என்று புலவர் சிலர் முகம் சுளிக்கக் கூடும். ‘கேம் டெவ் டைகூன்’ என்னும் விளையாட்டின் வரலாற்றை அறிந்தபின் அவர்தம் கருத்து மாறலாம்.

பேட்ரிக் குளூக், டேனியல் குளூக் என்னும் உடன்பிறந்தார் தொடங்கிய கிரீன்ஹார்ட் கேம்ஸ் என்னும் சிறு நிறுவனத்தின் முதற் படைப்பு இது. ஆடுபவர் 1980களில் ஒரு கார்க் கொட்டகையில் தொழில் தொடங்கி, விளையாட்டுகளை ஆக்கி விற்றுப் பெருநிறுவனமாக வளர வேண்டும். விளையாட்டு ஆக்கும் தொழிலே இங்கு விளையாட்டின் பொருள் என்க.

2013 ஏப்ரலில் தம் இணையக் கடையைத் திறந்த சில நிமிடங்களில், ஆக்கியோரே ஒரு கள்ளப்படியையும் டோரன்ட் வழியே பரப்பினர். அதில் ஒரு மாற்றம் செய்திருந்தனர். சில மணி நேரம் ஆடியபின், மக்கள் விலை கொடாமல் திருடி ஆடுகின்றனர் என்ற செய்தி திரையில் தோன்றும். எத்துணைச் சிறந்த விளையாட்டை ஆக்கினும் வருவாய் தேயும். முடிவில் நிறுவனம் முறியும். அன்று விலை 8 அமெரிக்க வெள்ளிக்கும் குறைவாகவே இருந்தது. ஆயினும் முதல் நாட் கணக்கில் வாங்கி ஆடியோர் 214 பேர். கள்ளப்படியில் ஆடியோர் 3,104 பேர்!

இவருள் சிலர், தம் உழைப்பெல்லாம் திருட்டால் பாழாகிறதென்று இணையத்தில் முறையிட்டனர். களவைத் தடுக்கும் பூட்டை ஆட்டத்தினுள்ளே ஆராய்ந்து செய்ய வழியுண்டா என்று கேட்டவரும் உண்டு. பார்த்தெழுதிய கட்டுரைக்கு மதிப்பெண் குறைந்ததேன் என்று வாதாடும் மாணாக்கனை அறிந்த ஆசிரியர்க்கு இது வியப்பன்று.

தொல்காப்பியர் அங்கதத்தைச் செம்பொருள், கரந்தது என இரண்டாக்குவார். கள்ளப்படியின் போக்கு கரந்த அங்கதம். இடையில் தோன்றும் செய்தியோ வெளிப்படையான வசை. அச்செய்தி இல்லாதிருப்பின் படைப்பு இன்னும் சிறந்திருக்கும். வெளிப்படக் கூறியும் அது தம்மையே சுட்டுகிறது என அவர்கள் உணராமை அங்கதத்தினும் பெரிய நகை. மற்றொரு குறையும் உண்டு. கள்ளப்படியில் திறமைசாலியும் தோற்றே தீர வேண்டும். தப்ப வழியில்லாத ஆட்டம் பொறியேயன்றி ஆட்டமன்று. மேலும், 3,104 பேரும் கள்ளப்படி இல்லையேல் வாங்கியிருப்பர் எனக் கொள்ளுதல் பொருந்தாது.

ஆயினும், அதற்கு முந்தைய மாதம் வெளிவந்த ‘சிம்சிட்டி’யோடு ஒப்பிடுங்கால் இம்முறையின் அருமை விளங்கும். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்ட அவ்விளையாட்டில், தனித்து ஆடுவோரும் இணைய இணைப்பிலேயே இருத்தல் வேண்டும். அது களவுத் தடுப்பன்று, ஆட்டத்தின் அமைப்பே என்றனர் ஆக்கியோர். வாங்கியோர் பலர் அதனைப் பூட்டாகவே கருதினர். முதல் நாட்களில் நிறுவனத்தின் கணினிகள் நெரிசல் தாங்காமல் திணற, முழு விலை கொடுத்தவர் வாயிலில் நின்றனர். இணைப்பின்றி ஆடும் வசதி 2014 மார்ச்சில்தான் வந்தது. குளூக் உடன்பிறந்தார் விற்ற படியிலோ பூட்டே இல்லை.