மலிவாகவே பிறந்த கிட்டார்

சாமிப் படத்துக்குச் சட்டம் போடும் கடையில், படத்தின் முதுகில் வைத்து ஆணியடிக்கும் பழுப்புநிறப் பலகையை எல்லோரும் பார்த்திருப்போம். ஹார்டுபோர்டு. மரச்சில்லுகளை நீராவியின் அழுத்தத்தில் வெடிக்கவைத்து நாராக்கி, அந்த நாரை அழுத்தித் தகடாக்கினால் கிடைப்பது. 1920-களில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் வில்லியம் மேசன் கண்ட முறை என்பதால் அங்கே அதற்கு மேசனைட் என்று பெயர். இந்தப் பலகையை முன்னும் பின்னும் ஒட்டி, நடுவே மரச்சட்டம் கொடுத்து, மின்கிட்டார் செய்து விற்றவர் நேதன் டேனியல்.

1947-ல் நியூ ஜெர்சியில் அவர் தொடங்கிய டேனெலக்ட்ரோ முதலில் ஆம்ப்ளிஃபயர்தான் செய்தது. 1954 முதல் கிட்டாரும் வந்தது. சியர்ஸ் என்னும் பெரும் அஞ்சல்வழிக் கடை அவற்றைச் சில்வர்டோன் என்ற தன் பெயரில் அமெரிக்கச் சிற்றூர்கள் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. 1960-களின் தொடக்கத்தில், கிட்டாரை வைக்கும் பெட்டிக்குள்ளேயே ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கரையும் பொருத்தி, மொத்தமும் 100 டாலருக்குள் கொடுத்தார்கள். பெட்டியைத் திறந்து நிமிர்த்தி வைத்து, மின்சாரம் கொடுத்தால் வாசிக்கலாம். முதல் கிட்டார் கேட்டு அழும் பிள்ளைக்கு ஒரு தொழிலாளிக் குடும்பம் வாங்கித் தரக்கூடியது அது. அந்தக் காலத்து அமெரிக்க இசைக்காரர்களில் எத்தனையோ பேருடைய விரல்கள் அதில்தான் முதலில் காய்த்தன.

மலிவு என்பதற்காக டேனியல் யோசிக்காமல் செய்த பகுதி எதுவும் அந்தக் கிட்டாரில் இல்லை. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பை அவர் லிப்ஸ்டிக் குழாய்க்குள் வைத்து அடைத்தார். காந்தப்பட்டையைச் சுற்றிச் செப்புக் கம்பி, அதற்கு மேல் பளபளக்கும் உலோகக் குழாய், அவ்வளவுதான். மற்ற கிட்டார்களில் இரண்டு பிக்கப்புகளைச் சேர்த்தால் அவை இணையாக இயங்கும். இவர் தொடராக இணைத்தார். ஆகவே ஸ்விட்சை நடுவில் வைத்தவுடன் சத்தம் எழும்பும். கழுத்தின் உச்சியில் தந்திகள் தாண்டிவரும் நட்டை அலுமினியத்தில் செய்தார். விளைவு, வெள்ளிக் கிண்ணத்தை விரலால் தட்டியது போன்ற, சற்றே மூக்கால் பேசுகிற, தெளிந்த ஒலி. ராக் கிட்டார்காரர் ஜிம்மி பேஜ் ‘காஷ்மீர்’ பாட்டை மேடையில் வாசிக்க எடுத்துக்கொண்டது இந்தக் கிட்டாரைத்தான். ‘விச்சிட்டா லைன்மேன்’ பாட்டில் அமெரிக்கப் பாடகர் கிளென் கேம்பெல் வாசிக்கும் அந்தத் தாழ்ந்த குரல் தனி வாசிப்பும் டேனெலக்ட்ரோவின் ஆறுதந்தி பேஸில் எழுந்தது.

1966-ல் டேனெலக்ட்ரோ எம்.சி.ஏ. என்ற பெருநிறுவனத்துக்குக் கைமாறியது, 1969-ல் மூடப்பட்டது. டேனியல் 1994-ல் இறந்தார். 1990-களின் பிற்பகுதியில், பெயரை வாங்கிய கலிஃபோர்னியாவின் எவெட்ஸ் நிறுவனம் கொரியாவில் செய்வித்து அதே உருவத்தை மறுபடி சந்தைக்குக் கொண்டுவந்தது. கிட்டார்காரர்கள் ரீஇஷ்யூ என்று சொல்லும் மறுபதிப்பு.

இப்படிப்பட்ட மறுபதிப்பை வாங்கி வைத்துக்கொள்வது தகுமா என்ற கேள்விக்கு, எதன் மறுபதிப்பு என்பதைப் பொறுத்தே என் விடை. கிப்சன் நிறுவனம் 1958 முதல் 1960 வரை செய்த சன்பர்ஸ்ட் லெஸ் பால் என்னும் கிட்டார், இரண்டாயிரத்துக்கும் குறைவாகவே வெளிவந்தது. இன்று அதன் விலை லட்சக்கணக்கான டாலர். அதன் மலிவுப் பிரதி நல்ல கிட்டாராக இருக்கலாம், இருக்கவும் செய்கிறது. ஆனால் மூலத்தின் பெருமையே தேர்ந்த மரத்திலும் கைவேலையிலும் இருக்கும்போது, அவற்றைக் குறைத்துத்தான் பிரதியின் விலையைக் குறைக்க முடியும். டேனெலக்ட்ரோவில் அந்த முரண் இல்லை. அன்றும் பலகைதான், இன்றும் பலகைதான். அன்றும் எளியவனுக்கு எட்டும் விலை, இன்றும் சில நூறு டாலர். மூலம் எந்த நோக்கத்தோடு பிறந்ததோ அதே நோக்கத்தோடு மறுபதிப்பும் பிறக்கிறது. இறக்குமதி வரியும் கப்பல் கூலியும் சேர்ந்தபின் நம் ஊர்க் கடையில் அந்த எட்டும் விலை எட்டாததாகிவிடுவது வேறு சங்கதி.

பழைய நூலைப் பதிப்பிப்பவருக்கு ஒரு தர்மசங்கடம் உண்டு. ஏட்டில் இருப்பது ஆசிரியர் எழுதிய பாடமா, படியெடுத்தவரின் பிழையா? பிழை என்று நினைத்துத் திருத்தினால் மூலபாடம் போய்விடலாம். மூலபாடம் என்று விட்டுவைத்தால் பிழை நிலைத்துவிடும். பழைய கிட்டாரை மறுபடி செய்கிறவரும் இதே இடத்தில்தான் நிற்கிறார். அவர் எதைத் திருத்துகிறார், எதை விட்டுவைக்கிறார் என்று பார்த்தால் அவர் யாரை மனத்தில் வைத்து வேலை செய்கிறார் என்பது தெரிந்துவிடும்.

பழைய டேனெலக்ட்ரோவின் கழுத்துக்குள் இரண்டு எஃகுச் சட்டங்கள் இருந்தன. கழுத்து வளைந்தால் முறுக்கி நிமிர்த்த வழி கிடையாது. மறுபதிப்பில் முறுக்கிச் சரிசெய்யும் ட்ரஸ் ராட் வந்துவிட்டது. இதைக் குறையாகச் சொல்லும் ஒருவரையும் நான் கண்டதில்லை. ஃபெண்டர் கிட்டார் நிறுவனத்தின் மலிவுக் கிளையான ஸ்குவயர் வெளியிடும் மறுபதிப்பான கிளாசிக் வைப் வரிசையிலும் இப்படித்தான். 1950-களின் ஃபெண்டர் கிட்டாரில் விரல் பதியும் ஃப்ரெட்போர்டின் மேற்பரப்பு 7.25 அங்குல ஆரத்தில் நன்றாக வளைந்திருக்கும். பல தந்திகளை ஒருசேர அழுத்திக் கார்டு பிடிக்கக் கைக்கு இதமாக இருக்கும், தந்தியை மேலே இழுத்து வளைத்தால் ஒலி செத்துப்போகும். கிளாசிக் வைப்பில் அதை 9.5 அங்குலமாக்கித் தட்டையாக்கியிருக்கிறார்கள். படத்தில் பார்த்தால் இந்த மாற்றம் யாருக்கும் தெரியாது.

படத்தில் தெரிகிற இடத்தில் மட்டும் கை நடுங்குகிறது. ஃபெண்டரின் டெலிகாஸ்டர் கிட்டாரில் ஆறு தந்திக்கு மூன்றே பித்தளைத் தாங்கி என்ற பழைய ஏற்பாடு கிளாசிக் வைப்பின் 50-கள் மாதிரியில் அப்படியே இருக்கிறது. டேனெலக்ட்ரோவின் பிரிட்ஜும் அப்படியே. வீணையில் குதிரை என்கிறோமே, அதன் வேலையை இந்த பிரிட்ஜ் செய்கிறது: ஒரு தகடு, அதன்மேல் ரோஸ்வுட் மரத்துண்டு ஒன்று, ஆறு தந்திக்கும் பொது. மறுபதிப்புகள் சிலவற்றில் தந்திக்குத் தனித்தனித் தாங்கி கொடுத்தார்கள். பலவற்றில் பழைய மரத்துண்டையே வைத்தார்கள்.

அந்த மரத்துண்டைப் பற்றி வழக்கமாக வரும் குற்றச்சாட்டு, கழுத்தில் மேலேறி வாசித்தால் ஸ்ருதி விலகுகிறது என்பது. குற்றச்சாட்டு உண்மை. ஆனால் அந்தக் குற்றம் டேனியலுடையதா என்று விசாரிக்க வேண்டும்.

கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பியில் தந்தியை அழுத்தும்போது அது சற்று இழுபட்டு ஸ்ருதி கூடும். அதை ஈடுகட்ட, பிரிட்ஜ் பக்கம் தந்தியின் நீளத்தைச் சிறிது கூட்டி வைப்பார்கள். எவ்வளவு கூட்டுவது என்பதைப் பெரும்பாலும் தந்தியின் உள்ளே ஓடும் எஃகுக் கம்பியின் பருமன் தீர்மானிக்கும். 1950-களில் மின்கிட்டாருக்கும் கனத்த தந்திகளைத்தான் கட்டினார்கள். ஆறில் நான்கு தந்திகள் மெல்லிய எஃகின்மேல் வேறு கம்பி சுற்றிய சுற்றுத் தந்திகள். மூன்றாவது தந்தியும் அதில் அடக்கம். அப்படிக் கட்டியபோது தேவைப்படும் நீளம் ஓரளவு சீராகக் குறைந்துகொண்டே வரும், ஒரு நேர்த் துண்டைச் சாய்த்து வைத்தால் பெரிய பிசகில்லாமல் பொருந்தும். டேனியலின் மரத்துண்டைச் சாய்க்கவும் நகர்த்தவும் முடியும். ஆக அவர் செய்தது அன்றைய தந்திக்குச் சரியான கணக்கு.

பிறகு காலம் மாறியது. 1960-களில் கலிஃபோர்னியாவில் எர்னி பால், மாணவர்கள் கனத்த மூன்றாம் தந்தியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து மெல்லிய தந்திக் கட்டுகளை விற்கத் தொடங்கினார். ராக் இசைக்காரர்களுக்குத் தந்தியை இழுத்து வளைக்க அது வரப்பிரசாதமாயிற்று. இன்று கடையில் வாங்கும் மின்கிட்டாரில் மூன்றாவது தந்தி ஏறக்குறைய எப்போதும் சுற்றில்லாத வெறுங்கம்பிதான். அதன் எஃகு பக்கத்துச் சுற்றுத் தந்தியின் உள்கம்பியைவிடப் பருமன் கூடியது. அதற்கு வேண்டிய நீளமும் கூடுதல். சீராக இறங்கிவந்த கோடு மூன்றாம் தந்தியில் உடைகிறது. நேரான மரத்துண்டு அங்கே தோற்றுப்போகிறது.

என் முதன்மையான குறை இந்த இடத்தில்தான். மறுபதிப்பு பழைய பிரிட்ஜைக் கொடுத்துவிட்டுப் புதிய தந்தியைக் கட்டி அனுப்புகிறது. பாடத்தை வைத்துக்கொண்டு உரையைக் கிழித்துவிட்ட பதிப்பு அது. வாங்கிய இளைஞன் பத்தாவது ஃப்ரெட்டில் ஒரு கார்டைப் பிடித்துப் பார்த்து, தன் காதைச் சந்தேகிக்கிறான். பிறகு, அந்தக் காலத்தில் இப்படித்தான் மட்டமாகச் செய்தார்கள் போலிருக்கிறது என்று முடிவுகட்டுகிறான். செய்தவர் மேல் விழும் அந்தப் பழி அநியாயமானது. குதிரையைத் தொட்டால் ஒலி எப்படியெல்லாம் மாறும் என்பது அந்தப் பழைய நிறுவனத்துக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. 1967-ல் கிட்டார்காரர் வின்சென்ட் பெல்லோடு சேர்ந்து கோரல் என்ற பெயரில் அவர்கள் கொண்டுவந்த மின்சிதார் முழுக்க முழுக்க பிரிட்ஜின் வித்தை. அகலமான தட்டைப் பரப்பில் தந்தியை உரசவிட்டு ரீங்காரம் எழுப்பியது அது. தம்பூராவில் ஜீவாளி நூலை நகர்த்தி ஒலியைத் திறக்கும் வேலையின் தூரத்து உறவு.

மரத்துண்டை மாற்றிவிடலாம். ஜிம்மி பேஜே தன் பழைய கிட்டாரில் பின்னாளில் உலோக பிரிட்ஜ் பொருத்திக்கொண்டார். ஸ்ருதி சரியாகும், ஒலி நீளும், கூடவே அந்த மரத்தின் மென்மையில் கொஞ்சம் போகும். நான் அதைத் தவறென்று சொல்லமாட்டேன். மறுபதிப்பை வைத்திருப்பதன் பெரிய சுகமே இந்த உரிமைதான். 1959-ல் செய்த கிட்டாரின் உடலில் புதிதாக ஒரு துளை போட்டால் அதன் மதிப்பு சரியும் என்று உரிமையாளர் அஞ்சுவார். அந்த அச்சமே அதைப் பெட்டிக்குள் படுக்கவைத்துவிடும். மறுபதிப்பைக் கழற்றலாம், கழுத்தின் திருகை அவிழ்த்துப் பார்க்கலாம், ஃப்ரெட்டை ராவலாம், மழையில் கச்சேரிக்கு எடுத்துப்போகலாம். கிட்டாரின் உள்வேலையைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

மூப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய ஃபெண்டர், கிப்சன் கிட்டார்களில் பூசிய நைட்ரோசெல்லுலோஸ் காலப்போக்கில் மஞ்சளாகும், வெடிக்கும், கை படும் இடத்தில் தேயும். இன்றைய மலிவுப் பிரதிகளில் பூசுவது பாலியெஸ்டர், பாலியூரித்தேன் வகை. அது உறுதியானது, ஈரத்துக்கும் வேர்வைக்கும் அசையாது. ஐம்பது ஆண்டு வாசித்தாலும் அதில் அந்தப் பழைய முகம் வராது. அதனால் கழுத்துக்குத் தேன்நிறச் சாயம் ஏற்றி முன்கூட்டியே வயதைப் பூசிவிடுகிறார்கள். வாசித்த கையின் அடையாளம் கிட்டாரில் பதியவேண்டும் என்று விரும்புகிறவன் நான். தொழிற்சாலையில் பூசிய வயது அந்த இடத்தை முன்பே பிடித்துக்கொள்வது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

மரத்தில் வந்த மாற்றம் அப்படி உறுத்தவில்லை. பழைய ஃப்ரெட்போர்டுகளுக்குப் பயன்பட்ட பிரேசில் ரோஸ்வுட்டின் வணிகம் 1992-லிருந்து பன்னாட்டு உடன்படிக்கையால் தடுக்கப்பட்டிருக்கிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டிமரம் அதற்கு முன்பே அந்த இடத்துக்கு வந்துவிட்டிருந்தது. 2017-ல் ஈட்டி வகை மரங்கள் அனைத்துக்கும் கட்டுப்பாடு வரவே, ஸ்குவயர் போன்ற மலிவு வரிசைகள் இந்தியன் லாரலுக்கு மாறின. நம் காடுகளில் கருமருது என்று அழைக்கும் மரம்தான் அது. நிறம் கொஞ்சம் வெளிறும், நார் கொஞ்சம் தெரியும். ஒரு காட்டை மிச்சம் வைப்பதற்காகப் பாடம் மாறினால் எந்தப் பதிப்பாசிரியரும் ஒப்புக்கொள்ளலாம்.

மீண்டும் பிரிட்ஜுக்கு வருவோம். மரத்துண்டு பிரிட்ஜோடு ஒரு டேனெலக்ட்ரோ மறுபதிப்பு கைக்கு வந்தால், உலோக பிரிட்ஜுக்குச் செலவழிக்கும் முன் ஒரு காரியம் செய்துபார்க்கச் சொல்வேன். மூன்றாவது தந்தி சுற்றுத் தந்தியாக உள்ள கனத்த கட்டு ஒன்றை வாங்கிக் கட்டுங்கள். மரத்துண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து, காதை வைத்துச் சரிபாருங்கள். ஆம்ப்ளிஃபயரில் எந்த எஃபெக்டும் வேண்டாம். தந்தி கனமாக இருக்கும், இழுத்தால் வளையாது. பழகிய ராக் துணுக்குகள் எதுவும் விரலுக்கு வராது. விரல்கள் வேறு வழியில்லாமல் கார்டுகளுக்கும், தாழ்ந்த தந்திகளில் நடக்கும் மெட்டுகளுக்கும் இறங்கிவரும். பத்தாவது ஃப்ரெட்டில் பிடித்த கார்டு இப்போது ஏறக்குறையச் சேர்ந்து ஒலிக்கும். ஸ்விட்சை நடுவுக்குத் தள்ளினால் இரண்டு குழாய்களும் சேர்ந்து சத்தம் எழும்பும், அந்த ஹார்டுபோர்டு உடல் வயிற்றுக்கு எதிரே மெல்ல அதிரும்.